வேம்படியில் நின்றவர்

அத்தைக்குக் கல்யாணம் ஆனது 1961இல். எங்கள் வீடு ஆறுமுகநேரிப் பக்கம். தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பம். மாப்பிள்ளை வீட்டார் காயல்பட்டினத்தைத் தாண்டிக் கடற்கரையை ஒட்டிய ஓர் ஊர், ரோமன் கத்தோலிக்கர். தாத்தா எங்கள் சபையில் உபதேசியார். சபைக் குருவான ஐயர் வராத ஞாயிறுகளில் ஆராதனை நடத்துவார். சாயங்காலங்களில் ஊர்ப் பிள்ளைகளுக்கு வேதபாடம் சொல்லிக்கொடுப்பார். கல்யாணத்தன்று பெண்ணை அழைத்துக்கொண்டு மாப்பிள்ளை ஊர்க் கோயில்வரை வந்தார். வாசலில் அத்தையின் தலையில் கைவைத்து ஜெபித்தார். அதற்குமேல் உள்ளே போகவில்லை. வளாகத்து ஓரத்தில் ஒரு வேம்பு நின்றது. பூசை முடியும்வரை அதன் அடியில், செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். முடிந்ததும் பந்தியில் சம்பந்தியின் பக்கத்தில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டார்.

காரணம் இருந்தது. முந்தின வாரம் அத்தைக்கு அங்கே மறுபடியும் ஞானஸ்நானம் கொடுத்திருந்தார்கள். முன்பு பெற்றது செல்லாததாயிருந்தால் இது செல்லட்டும் என்ற நிபந்தனையோடு கொடுக்கப்படுவது அது. அந்நாளில் பல இடங்களில் அப்படித்தான் வழக்கம். பிறந்த நாற்பதாம் நாள் தன் கண்முன்னே தன் மகளுக்குக் கொடுக்கப்பட்ட ஞானஸ்நானத்தின்மேல் ஒரு சந்தேகம் எழுதப்பட்டதைத் தாத்தாவால் தாங்க முடியவில்லை. உள்ளே கூப்பிட வந்த சம்பந்தியிடம் அவர் சொன்னதை அப்பா எத்தனையோ முறை எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்: “கோவிச்சுக்கிடாதீய சம்பந்தி. உள்ள வந்தா நான் இத்தனை நாளு சொன்னதெல்லாம் பொய்யாப் போயிரும். வராமலே இருந்துட்டா எம் மவ எனக்கு இல்லன்னு ஆயிரும். ரெண்டும் என்னால ஆவாது. இங்கனயே நிக்கேன்.”

சிறுவயதில் இதைத் தாத்தாவின் பிடிவாதம் என்று நினைத்திருக்கிறேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. நம்புகிற உண்மையை விடாமலும் உறவை அறுக்காமலும் ஒரு மனிதன் நிற்கக்கூடிய இடம் அன்று அவருக்கு அந்த வேம்படி ஒன்றுதான். இந்தக் கரையின் கிறிஸ்தவர்கள் நானூற்று எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக அப்படி ஓர் இடத்தைத் தேடியிருக்கிறார்கள்.

காயல்பட்டினம் முஸ்லிம்களின் ஊர். ஆனால் அதன் நகராட்சி எல்லைக்குள்ளேயே கொம்புத்துறை என்ற மீனவர் குடியிருப்பும் அதன் கத்தோலிக்கக் கோயிலும் இருக்கின்றன. வடக்கே தாமிரபரணி கடலைச் சேருமிடத்தில் புன்னைக்காயல். தெற்கே வீரபாண்டியன்பட்டினம், அதற்கும் தெற்கே மணப்பாடு. இவை முத்துக்குளித்துறையின் பழைய பரதவர் ஊர்கள். முத்துக்குளிப்பில் யாருக்கு உரிமை என்பதில் பரதவர்களுக்கும் கரையின் முஸ்லிம் வணிகர்களுக்கும் மூண்ட பகையில், குதிரை வணிகர் ஜோவான் த குரூஸ் சொன்ன யோசனைப்படி பரதவர்கள் போர்த்துகீசியரின் பாதுகாப்பை நாடினார்கள். 1536, 1537 ஆண்டுகளில் கொச்சியிலிருந்து வந்த குருக்கள் துறை துறையாக அவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். ஏறத்தாழ இருபதாயிரம் பேர் என்பது கணக்கு. தனித்தனியாக யோசித்துத் தேர்ந்து வந்தவர்கள் அல்லர். ஊராக வந்தார்கள், குலமாக வந்தார்கள். கடலோரத்தில் முதலில் வந்தது ஒற்றுமை. எதை நம்புகிறோம் என்ற கேள்வி ஐந்து ஆண்டுகள் கழித்து 1542இல் பிரான்சிஸ் சவேரியாரோடு வந்தது.

சவேரியாரைப் பற்றி இந்தக் கரையில் நூறு அற்புதக் கதைகள் உண்டு. கொம்புத்துறையில் கிணற்றில் விழுந்து இறந்த சிறுவனை எழுப்பினார் என்பது அதில் ஒன்று. என் மனத்தில் நிற்பதோ அற்புதமில்லாத ஒரு சிறிய செய்தி. தமிழ் தெரியாத அவர், இங்கே கிடைத்தவர்களின் துணையோடு விசுவாசப் பிரமாணத்தைத் தமிழில் ஆக்கி, மணியடித்துத் தெருத்தெருவாகச் சொல்லிக்கொடுத்தார். மனப்பாடமாகச் சனங்கள் சொல்லவும் தொடங்கிவிட்டார்கள். 1544இல் உடன்பணியாளர் மான்சிலாசுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். இத்தனை நாள் ‘வேணும்’ என்று சொல்லிக்கொடுத்த இடத்தில் இனி ‘விசுவாசம்’ என்ற சொல்லைப் போடு என்கிறார்; முதல் சொல்லுக்கு விரும்புகிறேன் என்றுதான் பொருள் வருமாம். கிறிஸ்து பாடுபட்டதைச் சொல்லும் இடத்தில் வலுக்கட்டாயம் என்று பொருள்படும் ஒரு சொல் வந்துவிட்டது, அதையும் மாற்று, அவர் மனமுவந்து பாடுபட்டார் என்கிறார்.

ஒன்றரை ஆண்டாக ஒரு கரை முழுவதும் கடவுள் தங்களுக்கு வேண்டும் என்று சேர்ந்து சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. யாரும் யாரோடும் பிணங்கவில்லை. சொல் பிழை. பிழையைத் திருத்தியவர் யாரையும் தள்ளிவைக்கவில்லை. யாருடைய ஞானஸ்நானமும் செல்லாது என்று சொல்லவில்லை. கடிதம் எழுதினார், சொல் மாறியது. உண்மையை இப்படியும் திருத்தலாம் என்பதற்கு எங்கள் கரையில் இதைவிடப் பழைய சாட்சி கிடையாது. பின்னால் சேசு சபைக் குரு என்ரீக்கே என்ரீக்கஸ் புன்னைக்காயலில் பல்லாண்டு தங்கித் தமிழை முறையாகக் கற்றதும், 1578இல் கொல்லத்தில் அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்தில் அச்சானதும் அந்தத் திருத்தத்தின் தொடர்ச்சிதான்.

1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்து, சேசு சபையாரை வெளியேற்றினார்கள். பால்தேயுஸ் போன்ற அவர்களுடைய குருமார் சீர்திருத்தச் சபையின் போதனையைப் பரதவர்களிடம் கொண்டுபோனார்கள். சனங்கள் அசையவில்லை. ஊராக வந்தவர்கள் ஊராகவே நின்றார்கள். டச்சுக்காரர்கள் 1750இல் கட்டிய கோயில் தூத்துக்குடியில் இன்றும் நிற்கிறது. பிறகு அது ஆங்கிலிக்கருக்குப் போய், இன்று தென்னிந்தியத் திருச்சபையின் கையில் இருக்கிறது. வெளியிலிருந்து வந்த அழுத்தத்துக்கு அசையாத அந்தக் கடலோர ஒற்றுமை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் உள்ளேயே விரிசல் கண்டது. குருக்களை நியமிக்கும் உரிமை போர்த்துகல் மன்னருக்கா, ரோமாபுரிக்கு நேரடியாகவா என்ற சண்டையில் ஒரே துறையில் இரண்டு கட்சிகள், இரண்டு கோயில்கள். இதில் கோட்பாடு என்று பெரிதாக ஒன்றும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை, அதிகாரம்தான். 1923இல் தூத்துக்குடி தனி மறைமாவட்டமாகி, இந்தியரான திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை ஆயராக வந்தார்.

உள்நாட்டுக் கதை வேறு. காயல்பட்டினம் ஸ்டேஷனில் திருநெல்வேலி வண்டி ஏறினால் ஆறுமுகநேரி, குரும்பூர், கச்சனாவிளை, நாசரேத் என்று போகும். தெற்கே செம்மணல் தேரி. பனைமரங்களுக்கு நடுவே கோபுரங்கள். இங்கே புராட்டஸ்டண்டு சபை குலமாகவும் வந்தது, குடும்பம் குடும்பமாகவும் வந்தது. ஆனால் புத்தகத்தோடு வந்தது. பனையேறி வீட்டுப் பையனும் வேதத்தை வாசித்துவிட்டு இது இப்படியல்லவா எழுதியிருக்கிறது என்று ஐயரைக் கேட்கலாம் என்றானது. கடலோரத்தில் ஒற்றுமை மூத்த பிள்ளை என்றால் தேரிக்காட்டில் உண்மை மூத்த பிள்ளை. அதனால் பிளவும் சீக்கிரமே வந்தது.

ரேனியஸ் ஐயர் 1790இல் பிரஷ்யாவில் பிறந்து, 1814இல் சென்னைக்கு வந்து, 1820இல் பாளையங்கோட்டைக்கு அனுப்பப்பட்டவர். அனுப்பியது ஆங்கிலிக்கத் திருச்சபையைச் சேர்ந்த சி.எம்.எஸ். சங்கம். அவரோ லுத்தரன் முறையில் குருப்பட்டம் பெற்ற ஜெர்மானியர். பதினைந்து ஆண்டுகளில் திருநெல்வேலிச் சீமையில் நூற்றுக்கணக்கான ஊர்களில் சபைகள் எழுந்தன. துன்புறுத்தப்பட்ட கிறிஸ்தவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியேற்றினார். டோனாவூர் அப்படி உருவான ஊர். புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்தார், தமிழ் இலக்கணம் எழுதினார். இத்தனை ஊர்களுக்கும் திருவிருந்து கொடுக்கக் குருமார் போதாது. தாம் பயிற்றுவித்த உபதேசியார்களுக்குத் தாமே, லுத்தரன் முறைப்படி, குருப்பட்டம் கொடுக்கலாம் என்றார். சங்கம் கூடாது என்றது. பேராயர் கைவைக்காமல் குருப்பட்டம் இல்லை. பேராயரோ கல்கத்தாவில் இருந்தார். ரேனியஸ் ஆங்கிலிக்க ஒழுங்குகளை வேதத்தின்படி ஆராய்ந்து, குறைகளை வெளிப்படையாக எழுதி அச்சிட்டார். 1835இல் சங்கம் அவரோடு இருந்த தொடர்பை முறித்தது.

அவர் கிளம்பிப் போனார். போன இடத்துக்கு உபதேசியார்களின் கடிதங்கள் போயின. சில மாதங்களில் திரும்பிவந்தார். அதற்குப்பிறகு நடந்தது வேதனை. ஒரே ஊரில் ரேனியஸ் ஐயர் கட்சி, சங்கத்துக் கட்சி. கோயில் யாருடையது, பள்ளிக்கூடம் யாருடையது என்ற சண்டை. நேற்றுவரை ஒரே பாயில் உட்கார்ந்து ஜெபித்தவர்கள் தெருவைப் பிரித்துக்கொண்டார்கள். மூன்று ஆண்டுகளில், 1838 ஜூனில், ரேனியஸ் இறந்தார். அவருடைய தோழர்கள் மெல்ல மெல்லப் பழைய சங்கத்துக்கே திரும்பினார்கள். பாளையங்கோட்டை அடைக்கலாபுரத்தில் இருக்கிறது அவருடைய கல்லறை.

ரேனியஸ் பிடித்த உண்மை உண்மைதான் என்று நான் நினைக்கிறேன். சங்கத்தின் பிடிவாதத்திலும் ஒரு நியாயம் இருந்தது: ஆளுக்கொருவர் பட்டம் கொடுக்கத் தொடங்கினால் சபை எங்கே போய் நிற்கும்? இரண்டு பக்கத்திலும் குறைந்தது பொறுமை. சென்னைக்கு முதல் பேராயராக டேனியல் கோரி வந்ததும் அதே 1835இல்தான். ஓர் ஆண்டு யாராவது ஒரு பக்கம் காத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று அந்தக் கல்லறைக்குப் போகும்போதெல்லாம் நினைப்பு வருகிறது.

நாசரேத் பக்கத்துக் கதை இதைவிட ஆழமான காயம். அது எஸ்.பி.ஜி. என்ற இன்னோர் ஆங்கிலிக்கச் சங்கத்தின் பகுதி. அங்கே உபதேசியாராக இருந்த அருமைநாயகம், சட்டாம்பிள்ளை என்ற பெயரால் அறியப்பட்டவர், மிஷனரி கேமரரோடு மோதி வெளியேறினார். மோதலுக்குப் பின்னால் இன்னொரு கோபமும் சேர்ந்துகொண்டது. கால்டுவெல் ஐயர் 1849இல் திருநெல்வேலி நாடார் சமூகத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய புத்தகம் அந்தச் சமூகத்தைத் தாழ்த்திப் பேசியது. தன் சனங்களைப் பற்றி ஐயர்மார் வெளியே எழுதுவது ஒன்று, பிரசங்கபீடத்தில் சொல்வது ஒன்று என்று கண்ட மனிதனுக்கு அதே கூரையின்கீழ் இருப்பது எப்படி முடியும்? 1857இல் பிரகாசபுரத்தில் தனிச் சபை கண்டார். வெளிநாட்டுப் பணம் இல்லை, வெள்ளைக்கார மேலாண்மை இல்லை. பழைய ஏற்பாட்டு முறைகளைத் தழுவி, ஓய்வுநாளைச் சனிக்கிழமைக்கு மாற்றினார். அந்தச் சபை இன்றும் இருக்கிறது. சின்னஞ்சிறிய சபை. அதைப் பிரிவினை என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட எனக்கு மனம் வருவதில்லை. இழிவுபடுத்தும் எழுத்தை எதிர்த்து ஒருவன் எழுந்துபோனால், ஒற்றுமையைக் கெடுத்தவன் எழுந்துபோனவனா, எழுதியவரா?

ஒற்றுமை என்ற பெயரில் பொய் நிற்க முடியும் என்பதற்குக் கத்தோலிக்கர் பக்கம் வடக்கன்குளம் சாட்சி. 1870களில் அங்கே எழுந்த கோயில் ஒரே பீடத்தை நோக்கி இரண்டு கால்களாக நீளும் கட்டடம். ஒரு காலில் வேளாளர் முதலான சாதியார், மறு காலில் நாடார், நடுவே சுவர். ஒரே பூசை, ஒரே அப்பம், ஒரே கூரை. வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பிளவே தெரியாது. 1910இல் சுவர் இடிக்கப்பட்டது. இடித்ததும் ஊர் இரண்டுபட்டது. சுவர் வேண்டும் என்று வழக்குப் போட்டவர்கள் சென்னை உயர் நீதிமன்றம்வரை போய்த் தோற்றார்கள். சுவர் இருந்தவரை அமைதி இருந்தது என்று சொன்னவர்கள் அன்று உண்டு. அந்த அமைதிக்கு யார் விலை கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்று சுவருக்கு அந்தப்பக்கம் முழங்காலிட்டவர்களைக் கேட்டிருக்க வேண்டும்.

இத்தனையும் பார்த்த மண்ணில்தான் வேதநாயகம் சாமுவேல் அசரியா பிறந்தார். ஊர் வெள்ளாளன்விளை, 1874 ஆகஸ்ட். தகப்பனார் அவ்வூர்ச் சபையின் ஐயர். காயல்பட்டினத்திலிருந்து பஸ் பிடித்தால் வெகுநேரம் ஆகாமல் போய்விடக்கூடிய ஊர். 1912 டிசம்பரில் ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராகக் கல்கத்தாவில் அபிஷேகம் பெற்று, தெலுங்குச் சீமையில் தோர்ணக்கல்லுக்குப் போனார். புதிதாக ஞானஸ்நானம் பெற்ற கிராமத்துச் சனங்களிடம் ஆங்கிலிக்கம், மெத்தடிஸ்ட், காங்கிரிகேஷனல் என்ற பிரிவுகளை விளக்கவேண்டி வந்தபோது அவருக்குக் கூசியது. அந்தச் சண்டைகள் வேறு தேசத்தில், வேறு அரசர்களின் காலத்தில் நடந்தவை. 1919 மே மாதத் தொடக்கத்தில் தரங்கம்பாடியில் முப்பத்துமூன்று பேர் கூடி ஐக்கியத்துக்கு அறைகூவல் விடுத்தார்கள். பெரும்பாலும் இந்தியர்கள், அவர்களில் அசரியாவும் ஒருவர். 1927இல் சபைகளின் ஒற்றுமைக்காகக் கூடிய லோசான் மாநாட்டில், மேலைநாட்டுச் சபைகளுக்கு ஒற்றுமை ஓர் ஆசையாக இருக்கலாம், எங்களுக்கு அது உயிர்ப்பிரச்சினை என்ற கருத்தில் பேசினார்.

பேச்சுவார்த்தை இருபத்தெட்டு ஆண்டு நடந்தது. நடந்த தலைமுறையே ஏறக்குறைய முடிந்துபோனது. அசரியா 1945 புத்தாண்டன்று இறந்துபோனார். 1947 செப்டம்பர் 27, நாடு விடுதலை பெற்று ஆறு வாரத்தில், சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஆங்கிலிக்கர், மெத்தடிஸ்டுகள், முன்பே இணைந்திருந்த காங்கிரிகேஷனல், பிரெஸ்பிட்டேரியன் சபையார் எல்லாரும் ஒன்றானார்கள். பேராயர் உள்ள சபையும் இல்லாத சபையும் இப்படி ஒன்றானது உலகத்தில் அதுவே முதல்முறை.

எப்படி முடிந்தது என்பதில்தான் என் அக்கறை. தடை, ரேனியஸை வெளியேற்றிய அதே தடை. பேராயர் கைவைக்காத குருப்பட்டம் செல்லுமா? செல்லாது என்றால் மெத்தடிஸ்டு ஐயரும் காங்கிரிகேஷனல் ஐயரும் மறுபடி பட்டம் வாங்கவேண்டும். அதாவது இத்தனை நாள் தாங்கள் கொடுத்த திருவிருந்து வெறும் அப்பம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் அத்தைக்கு ஆனதே அதுதான், வேறு திருவருட்சாதனத்தில். செல்லும் என்றால் ஆங்கிலிக்கர் தாங்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்ததைக் கைவிட்டதாகும். 1947இல் கண்ட வழி: இருக்கும் குருமார் எல்லாரும் இருக்கிறபடியே ஏற்கப்படுவார்கள், மறுபட்டம் யாருக்கும் இல்லை. இனி வரும் பட்டம் எல்லாம் பேராயர் கையால்தான். பேராயர் பதவி உண்டு. அதற்கு இதுதான் தத்துவம் என்று யாரும் யார்மேலும் திணிக்கக்கூடாது. மனச்சாட்சி ஏற்காத ஒரு குருவை எந்தச் சபைமேலும் திணிப்பதில்லை என்று ஓர் உறுதிமொழி. இதெல்லாம் பழகிச் சீராக முப்பது ஆண்டு தவணை.

ரேனியஸ் வெளியேறி நூற்றுப்பன்னிரண்டு ஆண்டுகளுக்குப்பின், அவர் கேட்டதும் அவரை மறுத்தவர்கள் கேட்டதும் ஒரே ஏட்டில் எழுதப்பட்டன. வேறுபாட்டை அவர்கள் மறைக்கவில்லை. எழுதிவைத்து, அதற்கு வயது கொடுத்தார்கள். இதை எதிர்த்து இங்கிலாந்தில் கவிஞர் டி.எஸ். எலியட் 1943இலேயே தனிப் பிரசுரம் எழுதினார். இப்படிச் சேர்ந்தால் திருச்சபையின் உண்மையே அழியும் என்பது அவர் வாதம். ஆங்கிலிக்கப் பேராயர்களின் 1948 லாம்பெத் மாநாடு புதுச் சபையை ஆங்கிலிக்க உறவுக்குள் சேர்க்கவில்லை. திருநெல்வேலி ஆங்கிலிக்கர் நூறு ஆண்டு உறவை இழந்துதான் பக்கத்து மாவட்டத்துக் காங்கிரிகேஷனல் சபையாரைச் சகோதரராகப் பெற்றார்கள். ஆந்திரத்தில் நந்தியால் பகுதியினர் மனம் ஒப்பாமல் வெளியே நின்று, 1975இல்தான் வந்துசேர்ந்தார்கள். அவர்களை யாரும் துரத்தவுமில்லை, இழுக்கவுமில்லை. அவர்களுக்கும் ஒரு வேம்படி கிடைத்தது.

கத்தோலிக்கத் திருச்சபையும் நகர்ந்தது. 1964 நவம்பர் 21இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட கிறிஸ்தவ ஒன்றிப்பு ஏடு, பிற சபைகளில் முறைப்படி பெற்ற ஞானஸ்நானத்தை உண்மையான ஞானஸ்நானமாக ஏற்றது. அத்தை கல்யாணம் மூன்று ஆண்டு தள்ளி நடந்திருந்தால் தாத்தா உள்ளே போயிருப்பாரா? அப்பா போயிருப்பார் என்பார். எனக்கு நிச்சயமில்லை. ஆனால் அவர் நெஞ்சில் அந்த முள் இருந்திருக்காது.

கடவுளைக் கூப்பிடும் சொல்லிலேயே நாங்கள் பிரிந்திருந்தோம். பழைய கத்தோலிக்கருக்குச் சர்வேசுரன். லுத்தரன்மார் போற்றிய பப்ரிசியஸ் மொழிபெயர்ப்பில் பராபரன். 1871இல் பவர் ஐயர் தலைமையில் முடிந்த ஐக்கிய மொழிபெயர்ப்பில் தேவன். எங்கள் பக்கம் ஆராதனை, திருவிருந்து, ஐயர். அத்தை போன பக்கம் பூசை, நற்கருணை, சாமியார். 1995இல் கத்தோலிக்கரும் பிறரும் சேர்ந்து உழைத்த பொது மொழிபெயர்ப்பாகத் திருவிவிலியம் வெளிவந்தது. அதில் கடவுள். கத்தோலிக்கக் கோயில்கள் அதை வாசிக்கின்றன. எங்கள் சபைகளில் பெரும்பாலும் இன்னும் அந்தப் பழைய வேதாகமம்தான். ‘தேவன்’ என்ற சொல்லை விடச் சனங்களுக்கு மனசில்லை. விடவேண்டும் என்று நானும் சொல்லமாட்டேன். அந்தச் சொல்லில் அழுதிருக்கிறார்கள், செத்திருக்கிறார்கள்.

இன்று எங்கள் பகுதியில் கலப்புக் கல்யாணம் என்றால் சாமியார் நடத்த, ஐயர் வந்து ஜெபம் சொல்லி ஆசீர்வதிக்கிறார். சபை விருந்தான அசனத்துக்கு இந்தச் சபையும் அந்தச் சபையும் ஒரே பந்தியில் உட்காருகிறார்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செண்டிமீட்டர் மழை கொட்டி இந்தத் தாலுகாவே மிதந்தபோது, சோறு கொண்டுவந்தவனிடம் எந்தச் சபை, எந்த மார்க்கம் என்று யாரும் கேட்கவில்லை. வெள்ளத்தில் வருகிற ஒற்றுமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதில் யாரும் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. வெள்ளம் வடிந்தபின் வருகிற ஞாயிறுகள்தான் கடினம்.

ஞாயிறுகளில் இன்று எனக்கு வேறொரு கவலை. 2003இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தூத்துக்குடி நாசரேத் திருமண்டலம் தனியானது. நிர்வாகத்துக்கு நல்லதுதான். ஆனால் திருச்சபையில் அன்று குருப்பட்டத்தைப் பற்றி நடந்த விவாதத்தின் இடத்தை இன்று தேர்தல் பிடித்திருக்கிறது. அணிகள், வேட்பாளர் பட்டியல், வழக்கு. 2024 ஏப்ரலில் தென்னிந்தியத் திருச்சபையின் தலைமை மன்றமான சினாடின் நிர்வாகத்தைக் கவனிக்கச் சென்னை உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருவரை நியமித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. ரேனியஸ் காலத்துச் சண்டையிலாவது எதைப் பற்றிச் சண்டை என்று ஒரு பனையேறிக்கு விளக்கிவிடலாம். இதை என் பிள்ளைகளுக்கு விளக்க எனக்கு வாய் வரவில்லை.

அதைவிட வலிப்பது ஒன்று உண்டு. சபை மன்றத்தில் எழுந்து ஒருவர் கணக்குக் கேட்டால், கல்லூரி இடம் எப்படிக் கொடுக்கப்பட்டது, நிலம் எப்படிப் போனது என்று கேட்டால், மேடையிலிருந்து வருகிற பதில் பெரும்பாலும் ஒரே பதில்: சபையின் ஐக்கியத்தைக் குலைக்காதீர்கள். கேட்டவர் உட்கார்ந்துவிடுகிறார். நானும் அப்படி ஒருமுறை எழுந்து உட்கார்ந்தவன்தான். அன்று உண்மையைச் சொல்லிச் சபையைப் பிளந்தார்கள். இன்று ஐக்கியத்தைச் சொல்லி உண்மையின் வாயை மூடுகிறார்கள். அசரியாவும் அவர் கூட்டாளிகளும் இருபத்தெட்டு ஆண்டு பேசித் தீர்த்தது இதற்காக இல்லை. அவர்களுடைய ஐக்கியத்தில் ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் எழுத்தில் இடம் இருந்தது. நந்தியால்காரன் வெளியே நின்றபோது துரோகி ஆகவில்லை. வடக்கன்குளத்துச் சுவர் நம் மன்றங்களில் செங்கல் இல்லாமல் எழுந்துகொண்டிருக்கிறது. அதை இடித்தால் அமைதி போகும் என்பது எனக்கும் தெரியும்.

தாத்தாவை நான் நினைப்பது அந்த நேரங்களில்தான். அவர் வேம்படியில் நின்றதால் மாப்பிள்ளை வீட்டார் மனம் புண்பட்டிருக்கும். அவர் முகம் பார்க்கும் தூரத்திலேயே நின்றதால்தான் பந்தியில் பக்கத்தில் இடம் போட்டு உட்காரவைத்தார்கள். பிறகு வந்த ஒவ்வொரு கொடியேற்றத்துக்கும் சம்பந்தி வீட்டுக்குப் போனார். தேர் வரும்போது வாசலில் எழுந்து நிற்பார், கும்பிடமாட்டார். பேரப்பிள்ளைகளுக்கு ஜெபமாலை வாங்கிக் கொடுத்ததில்லை, பிடுங்கியதுமில்லை. 1970களின் தொடக்கத்தில் அவர் இறந்தபோது அடக்க ஆராதனைக்கு அந்த ஊர்ச் சாமியார் வந்தார். எங்கள் கோயிலுக்குள்ளேயே வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாராம்.

அத்தைக்கு இப்போது எண்பத்தைந்து. கண் மங்கிவிட்டது. போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். அறுபது ஆண்டுக்கு மேலாகக் கத்தோலிக்கர். சாயங்காலம் ஜெபமாலை தவறுவதில்லை. ஆனால் படுக்கப் போகுமுன் இருபத்துமூன்றாம் சங்கீதம் சொல்லவேண்டும், அதுவும் தாத்தா சொல்லிக்கொடுத்த பழைய மொழிபெயர்ப்பின் சொற்களில். பேரன் கட்டிலருகே உட்கார்ந்து திருவிவிலியத்திலிருந்து அதே சங்கீதத்தைத் திருப்பாடல் என்று சொல்லி வாசித்தான். அத்தை தன் சொற்களில் சொல்லிக்கொண்டே போனாள். அவன் அவளைத் திருத்தவில்லை; அவளும் அவனைத் திருத்தவில்லை. புதிய மொழிபெயர்ப்பு கொஞ்சம் சுருக்கம். அவன் வாசித்து முடித்துவிட்டு, புத்தகத்தை மூடாமல், அத்தை முடிக்கும்வரை காத்திருந்தான்.